‘ம், எழுது’ என்று சொல்ல நான் இல்லை

குழந்தைகளுக்குக் கதை என்றால் உயிர் என்று சொல்கிறவர்களைப் பிடித்து வந்து, எங்கள் எட்டாம் வகுப்பில் ஒரே ஒரு துணைப்பாடப் பீரியடு உட்கார வைக்க வேண்டும். மதியம் இரண்டு மணி, ஓட்டுக்கூரை வழியாக வெயில் இறங்கும் நேரம். புத்தகத்தில் ஆறு சிறுகதைகள். நான் தொண்டைத் தண்ணீர் வற்ற ஒரு கதையைப் படித்து முடித்து, “அந்த ஆளு ஏன் ஒண்ணும் பேசாம வூட்டுக்குப் போனான்?” என்று கேட்பேன். முதல் பெஞ்சிலிருந்து கடைசி பெஞ்சு வரைக்கும் பிடித்து வைத்த பிள்ளையார்கள். ரொம்பவும் அதட்டினால் ஒருத்தன் எழுந்து கையைக் கட்டிக்கொண்டு, “முன்னுரை. உழைப்பே உயர்வு தரும் என்பது ஆன்றோர் வாக்கு” என்று உரைநூலில் இருப்பதை ஒப்பிப்பான். நான் என்ன கேட்டேன், நீ என்ன சொல்கிறாய் என்று தலையில் அடித்துக்கொள்வேன்.

இட ஒதுக்கீட்டுப் போராட்டம் நடந்த வருஷங்கள் அவை. நான் கள்ளக்குறிச்சியில் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஓர் அறையில் தங்கியிருந்தேன். கச்சிராயபாளையம் தாண்டி மலையடிவாரத்தில் இருந்த நடுநிலைப் பள்ளிக்கு தினமும் டவுன் பஸ்ஸில் போய் வருவேன். வேலைக்குச் சேர்ந்து மூன்று வருஷம். வாய் கொஞ்சம் நீளம் என்று பெயர் வாங்க எனக்கு மூன்று மாதம்கூடத் தேவைப்படவில்லை.

என் வகுப்பில் பாதிப் பேர் கரும்புக் கொல்லைக்காரர்களின் பிள்ளைகள், கொல்லையில் கூலிக்குப் போகிறவர்களின் பிள்ளைகள். ஏழெட்டுப் பேர் கல்வராயன் மலையிலிருந்து இறங்கி வந்து, பள்ளிக்கூடத்தை ஒட்டியிருந்த ஆஸ்டலில் தங்கிப் படித்தவர்கள். இந்த இரண்டு கூட்டத்துக்கும் கதை ஒன்றுதான், மனப்பாடம் செய்ய வேண்டிய ஒன்றரைப் பக்கம்.

படம் வரையச் சொல்வது என்று நான் யோசித்து முடிவு எடுக்கவில்லை. கோபத்தில் வந்த வேலை அது. ஒருநாள் ஒப்பித்துக்கொண்டிருந்தவனின் உரைநூலைப் பிடுங்கி ஜன்னல் வழியாக வீசிவிட்டு, “ஒரு வார்த்தை எழுதக் கூடாது, ஒரு வார்த்தை பேசக் கூடாது, கதையில இன்னா நடந்துச்சோ அத வரைஞ்சு காட்டு” என்று கத்தினேன். பயந்துபோய் எல்லாரும் வரைந்தார்கள். வாங்கிப் பார்த்தேன். எனக்கு வந்ததே ஆத்திரம்! அத்தனை பேரும் ஒரே படம். இரண்டு முக்கோண மலை, நடுவில் சூரியன், ஒரு குடிசை, ஒரு தென்னைமரம், வளைந்து போகிற ஆறு, வானத்தில் நாலு பறவை. கதையில் மலையும் இல்லை, ஆறும் இல்லை. பொழுதுகூட அதில் சாயங்காலம். அதைவிடக் கொடுமை, மலையிலேயே பிறந்து வளர்ந்த பிள்ளைகளும் அதே முக்கோணத்தைப் போட்டு வைத்திருந்தார்கள். ஜன்னலைத் திறந்தால் மலை தெரிகிறது, நீளமாக, தட்டையாகப் படுத்துக்கொண்டிருக்கிறது, அதில் எங்கேயடா முக்கோணம்?

தலைமையாசிரியர் வாசலில் நின்று பார்த்தார். நல்ல மனுஷர், ஆனால் புதிதாக எதைப் பார்த்தாலும் அவருக்கு வயிறு கலக்கும். “டீச்சரம்மா, படம் வரையச் சொல்லித்தர டிராயிங் மாஸ்டர்னு ஒருத்தர் இருக்கணும். நமக்குத்தான் அந்தப் போஸ்டிங்கே கெடையாதே” என்றார்.

“அப்ப சயின்ஸ் வாத்தியார் லீவுன்னா பசங்களுக்கு மூச்சு வுடறதையும் நிறுத்திடலாமா சார்?” என்றேன். அவர் அப்புறம் ஒரு மாதம் என் வகுப்புப் பக்கம் வரவில்லை. கலர் சாக்பீஸ் டப்பாவை மட்டும் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டார்.

விடவில்லை நான். பழைய பரீட்சைத் தாள்களின் பின்பக்கத்தைக் கிழித்துக் கொடுத்தேன். தாளை நாலு கட்டமாக மடிக்கச் சொன்னேன். ஒரு கட்டத்துக்கு ஒரு காட்சி. கதையில் யார் எங்கே நிற்கிறார்கள், கையில் என்ன இருக்கிறது, யாரைப் பார்க்கிறார்கள், இந்த மூன்று கேள்விக்கும் கட்டத்துக்குள் பதில் இருக்க வேண்டும். வரைந்து முடித்ததும் என்னிடம் காட்ட வேண்டும். நான் பார்த்துவிட்டு, “ம், எழுது” என்று சொன்ன பிறகுதான் பேனாவைத் தொடலாம். பார்த்ததை வைத்துச் சொந்தமாக எட்டு வரி.

இந்தக் கடைசி விதியை நான் போட்டதற்குக் காரணம் இருந்தது. இல்லாவிட்டால் இரண்டு கோட்டைக் கிறுக்கிவிட்டு, பழையபடி “முன்னுரை, உழைப்பே உயர்வு” என்று போய்விடுவார்கள். அதனால் ரொம்பக் கண்டிப்பாக இருந்தேன். நான் பார்ப்பதற்கு முன்னால் எழுதத் தொடங்கியவர்களுக்கு ஸ்கேலால் கையில் ஒன்று வைத்திருக்கிறேன். மறைத்து என்ன ஆகப்போகிறது, அடித்திருக்கிறேன்.

அப்படி அடி வாங்கியவர்களில் மலைப்பெண் ஒருத்தி. ஒல்லியாக, நெட்டையாக, கடைசி பெஞ்சில் சுவரோரம் உட்கார்ந்திருப்பாள். எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள். காலாண்டுத் தேர்வில் தமிழில் பத்தொன்பது. அவளைப் பற்றி ஆசிரியர் அறையில், “அது எட்டோட மலையேறிடும்” என்று சாதாரணமாகப் பேசிக்கொள்வார்கள். நானும்தான் பேசினேன்.

அவளை நான் நிமிர்ந்து பார்த்தது ஒரு கிணற்றுக் கதையில். ஒருத்தன் ஊர்ப் பெரியதனக்காரர் நிலத்தில் கிணறு வெட்டப் போகிறான். கோடைக்காலம், ஊரே தண்ணீருக்கு அலைகிறது. நாள்கணக்கில் வெட்டுகிறான், கடைசியில் ஊற்று பீறிட்டு வருகிறது. பெரியதனக்காரர் வீட்டு ஆட்கள் தவலையும் அண்டாவுமாக ஓடி வருகிறார்கள். அந்தக் கூட்டத்தில் இவனை யாரும் கவனிக்கவில்லை. இவனும் ஒன்றும் கேட்காமல் நனைந்த வேட்டியோடு வீட்டுக்கு நடக்கிறான். அவன் மனைவி அந்த வேட்டியை வாங்கிப் பிழிகிறாள். அதோடு கதை முடிகிறது.

எல்லாரும் கடைசிக் கட்டத்தில் ஒரு கொடி கட்டி, வேட்டியைக் காயப் போட்டிருந்தார்கள். ஈரத் துணி என்றால் காயப் போடத்தானே வேண்டும். இவள் தாளை நீட்டினாள். அந்தப் பொம்பளை குனிந்து வேட்டியைப் பிழிகிறாள், கீழே ஒரு குடம் இருக்கிறது. வேட்டியிலிருந்து விழும் தண்ணீர் குடத்துக்குள் போகிறது.

“கதையில குடம் எங்கடி இருக்குது?” என்று கேட்டேன்.

“இல்ல டீச்சர்.”

“அப்புறம் இன்னாத்துக்கு வரைஞ்ச?”

“கீழ வுட்டா வீணாத்தான டீச்சர் போவும்? அவுங்க வூட்லதான் தண்ணியே இல்லியே” என்றாள்.

மூன்று வருஷம் அந்தக் கதையை நடத்தியிருக்கிறேன். அந்தப் பொம்பளை ஏன் வேட்டியைப் பிழிந்தாள் என்று எனக்கு ஒருநாளும் தோன்றியதில்லை. ஊருக்கே தண்ணீர் எடுத்துக் கொடுத்தவன் வீட்டுக்குக் கொண்டுவந்தது அவ்வளவு தண்ணீர்தான் என்று, எழுத்துக் கூட்டிப் படிக்கிற இந்தப் பெண்ணுக்குத் தெரிந்திருக்கிறது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. அதை மறைக்க, “ம், எழுது” என்று அதட்டினேன். எட்டு வரி எழுதினாள். அதில் பதினைந்து பிழை. ஆனால் அத்தனையும் அவள் வரி.

அரையாண்டுத் தேர்வில் எங்கள் வகுப்புக்கு நானே மேற்பார்வை. கேள்வித்தாளில் பதினைந்து மார்க்குக்கு ஒரு சிறுகதையைச் சுருக்கி எழுதச் சொல்லியிருந்தார்கள். நான் பெஞ்சு பெஞ்சாக நடந்தேன். கேள்வித்தாளின் பின்பக்கம் கட்டம் போட்டு வைத்திருந்தவர்களைப் பார்த்து “ம், எழுது” என்று மெதுவாகச் சொல்லிக்கொண்டே போனேன். பரீட்சை அறையில் அப்படிச் சொல்லலாமா என்று கேட்டால் சொல்லக் கூடாதுதான். அவள் நாற்பத்தொன்று வாங்கினாள். தமிழில் அவள் முதல்முறையாகப் பாஸ்.

அந்த மார்க்குக்காகவே அவள் அப்பா மலையிலிருந்து இறங்கி வந்தார். கடுக்காய் பொறுக்கி, சாமை விதைத்துப் பிழைக்கிற மனுஷர். தோளில் துண்டைப் போடாமல் இடுப்பில் கட்டிக்கொண்டு தூரத்திலேயே நின்றார்.

“கள்ளக்குறிச்சி பொண்ணுங்க ஸ்கூலுக்கு அனுப்புங்கன்னு சொல்றீங்களாமே டீச்சர். பாஸு பண்ணிட்டா அனுப்பறேன். பெயிலாப் போச்சுன்னா இட்டுக்கினு போயிடுவேன், எங்கூட கரும்பு வெட்டுக்கு ஆள் வோணும். மூங்கில்துறைப்பட்டு ஆலைக்கு வெட்டற கொல்லைங்களுக்குப் போறோம்” என்றார்.

“பாஸ் பண்ணுவா. நான் இருக்கேன்ல” என்றேன்.

அந்த இரண்டு வார்த்தையை நான் சொல்லியிருக்கவே கூடாது.

முழுஆண்டுத் தேர்வு வந்தது. எங்கள் பக்கத்து ஒன்றியங்களில் அப்போது ஒரு வழக்கம். எட்டாம் வகுப்புத் தாள்களை அந்தந்தப் பள்ளி ஆசிரியர்கள் திருத்த மாட்டார்கள். எல்லாக் கட்டையும் கள்ளக்குறிச்சியில் ஒரு பள்ளிக்குக் கொண்டுபோய், பள்ளி மாற்றி, ஆள் மாற்றித் திருத்துவார்கள். என் பிள்ளைகளின் தாளை நான் தொடக்கூட முடியாது. அதனால் தேர்வு அறையிலாவது நான் இருக்க வேண்டும் என்று தலைமையாசிரியரிடம் சொல்லி, தமிழ்த் தேர்வுக்கு எட்டாம் வகுப்பு மேற்பார்வையை வாங்கி வைத்திருந்தேன்.

அந்த வாரம் போராட்டத்தால் ஊரெல்லாம் ஒரே பதற்றம். ரேஷன் லாரி வரவில்லை என்று வார்டன் ஆஸ்டலை மூடி மலைப்பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பிவிட்டார். தேர்வுக்கு மட்டும் வந்துவிடுங்கள் என்று சொல்லி அனுப்பினாராம். எப்படி வருவார்கள் என்று அவர் யோசித்தாரோ இல்லையோ, நான் யோசிக்கவில்லை.

தமிழ்த் தேர்வு அன்று காலை ஏழரை மணி பஸ்ஸில் ஏறினேன். பத்து மணிக்குத் தேர்வு. எட்டு மணிக்கு பஸ் நின்றுவிட்டது. ரோட்டின் குறுக்கே ஒரு புளியமரத்தை வெட்டிச் சாய்த்திருந்தார்கள். அதற்கு முன்னால் ஐம்பது அறுபது பேர் உட்கார்ந்திருந்தார்கள். பஸ்ஸில் இருந்தவர்கள் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு, மரத்தைத் தாண்டி, ஒவ்வொருவராக நடையைக் கட்டினார்கள். நான் இறங்கி நேராகப் போராட்டக்காரர்களிடம் போனேன்.

“பரீட்சை நடக்குதுங்க. மரத்த ஓரமா இழுங்க, பஸ்ஸு போவட்டும்” என்றேன்.

முன்வரிசையில் ஓர் இளைஞர். என்னைவிட வயது கம்மி. டிகிரி முடித்துவிட்டு வீட்டில் இருப்பவர் என்று பிறகு தெரிந்தது. மரியாதையாகத்தான் பேசினார். “டீச்சர், உங்க பள்ளிக்கூடத்துல படிக்கறதும் எங்க வூட்டுப் புள்ளைங்கதான். அதுங்க படிச்சிட்டு என்னாட்டம் சும்மா உக்காந்துகினு இருக்கக் கூடாதுன்னுதான் நாங்க இங்க உக்காந்துகினு இருக்கோம்” என்றார்.

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அது எனக்குத் தெரியும். அதனாலேயே கோபம் இரண்டு மடங்காக ஏறியது. “இன்னிக்குப் பரீட்சை எழுதாதவன் நாளைக்கு எந்த வேலைக்குப் போவான்? மொதல்ல அதச் சொல்லுங்க” என்று பிடித்துக்கொண்டேன். அவர் ஒன்று சொல்ல, நான் ஒன்பது சொன்னேன். இன்னும் நாலு பேர் சேர்ந்துகொண்டார்கள். வெயில் ஏறியது. யாரோ எனக்கு மோர்கூடக் கொடுத்தார்கள், குடித்துவிட்டு மறுபடியும் சண்டை போட்டேன். போலீஸ் ஜீப் வரும், அப்போது ஒரு கை பார்க்கலாம் என்று காத்திருந்தேன். ஜீப் பன்னிரண்டரைக்கு வந்தது. மரத்தை இழுத்துப் போட்டு பஸ் கிளம்பி, நான் பள்ளிக்கூட வாசலில் இறங்கியபோது மணி ஒன்றரை. தாள்களைக் கட்டி அரக்கு வைத்து முடித்துவிட்டார்கள். பிள்ளைகள் போய்விட்டார்கள்.

“நல்லபடியா முடிஞ்சுதும்மா” என்றார் தலைமையாசிரியர். ஆள் இல்லாததால் ஏழாவதையும் எட்டாவதையும் அவரே மாறி மாறிப் பார்த்துக்கொண்டாராம். “ஒரு பொண்ணு மட்டும் பேப்பரத் தூக்கிக்கினு எழுந்து எழுந்து நின்னுச்சு. கம்முனு உக்காருன்னு சொன்னேன், உக்காந்துடுச்சு” என்றார்.

எந்தப் பெண் என்று கேட்டேன். கடைசி பெஞ்சு, சுவரோரம், நெட்டையான பெண் என்றார். அப்போதுகூட நான் முழுசாக நம்பவில்லை. எட்டாம் வகுப்பு வரைக்கும் வந்தவளுக்கு, பரீட்சையில் யாரும் சொல்லாமலே எழுத வேண்டும் என்று தெரியாதா என்று என்னையே சமாதானம் செய்துகொண்டேன். மற்ற பிள்ளைகள் எல்லாரும் எழுதியிருந்தார்கள் என்று பிறகு தெரிந்தது. டீச்சர் இருந்தால் ஒரு நியாயம், இல்லாவிட்டால் ஒரு நியாயம் என்று பிழைக்கத் தெரிந்த பிள்ளைகள். அவளிடம்தான் அந்தக் கெட்டிக்காரத்தனம் கிடையாது. சொன்னதைக் கேட்டாள். கேட்காததற்கு ஏற்கெனவே ஸ்கேலால் வாங்கியிருந்தாள்.

பத்து நாள் கழித்துத் தாள் திருத்தும் வேலை. ஒரு பெரிய ஹாலில் முப்பது நாற்பது ஆசிரியர்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தோம். என் முன்னால் உளுந்தூர்ப்பேட்டைப் பக்கத்துப் பள்ளி ஒன்றின் கட்டு. எனக்கு இரண்டு பெஞ்சு தள்ளி, திருநாவலூர்ப் பக்கத்திலிருந்து வந்த ஒரு தமிழையா. ஓய்வு பெற இரண்டு வருஷம் இருக்கும். மதியச் சாப்பாட்டுக்குக் கொஞ்சம் முன்னால் அவர் சிரித்தார்.

“இங்க பாருங்கய்யா, ஒண்ணு படக்கதை போட்டு வெச்சிருக்குது” என்றார்.

நான் எழுந்து போனேன். போகக் கூடாது, ஆனால் கால் நிற்கவில்லை. சுருக்கி எழுதச் சொல்லிக் கேட்டிருந்தது அந்தக் கிணற்றுக் கதையை. விடைத்தாளிலேயே நாலு கட்டம். கிணறு. ஊற்று. அண்டாக்களோடு ஓடி வரும் ஆட்கள், அவர்களுக்கு முதுகைக் காட்டி நடக்கிறவன். கடைசிக் கட்டத்தில் வேட்டியும் குடமும். அந்தப் பக்கம் முழுக்க ஒரு வரி எழுத்து இல்லை. இந்தமுறை இன்னும் நன்றாக வரைந்திருந்தாள். நேரம் நிறைய இருந்திருக்கிறதே.

தமிழையா கெட்டவர் இல்லை. இதை நான் சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் பல வருஷம் அவரைக் கெட்டவர் என்றே எல்லாரிடமும் சொல்லி வந்தேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, நாலு கட்டத்தையும் வரிசையாகப் பார்த்தார். கடைசிக் கட்டத்தில் விரலை வைத்தார். “ஏம்மா, கதையில குடம் எங்க இருக்குது?” என்று என்னைக் கேட்டார்.

நான் கேட்ட அதே கேள்வி. பதிலும் என்னிடம் இருந்தது, அவள் வாயாலேயே கேட்டது. அதை அப்படியே திருப்பிச் சொல்லியிருந்தால் போதும். அந்த மனுஷர் கேட்டிருப்பார். பதினைந்துக்கு ஆறோ ஏழோ போட்டிருப்பார். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று சும்மாவா சொன்னார்கள்? பத்து நாளாக உள்ளே கிடந்ததெல்லாம் ஒரே மூச்சில் வந்துவிட்டது.

“முப்பது வருஷமா கோணல் எழுத்தையும் உழைப்பே உயர்வையும் பாத்துப் பாத்து உங்களுக்குக் கண்ணே போயிடுச்சா ஐயா? ஒரு புள்ள கதையப் புரிஞ்சுக்கினு வரைஞ்சிருக்குது, அது தெரியலியா?” என்று கத்தினேன். ஹால் முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

அவர் முகம் சுருங்கிப்போனது. “இது உங்க ஸ்கூல் பேப்பராம்மா?” என்று கேட்டார்.

நான் அந்தத் தாளிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அதுவே அவருக்குப் பதிலாகிவிட்டது.

“அப்ப நீங்க இங்க வந்து நிக்கவே கூடாது. தெரிஞ்சப்புறம் நான் ஒரு மார்க் போட்டாலும் தப்பாப் போயிடும்” என்றார். அந்தப் பக்கத்தின் குறுக்கே சிவப்பு மையால் ஒரு கோடு இழுத்தார்.

மொத்தம் இருபத்தொன்பது. முப்பத்தைந்து இருந்தால் பாஸ்.

தலைமையாசிரியரிடம் போய் நின்றேன். “ஒண்ணு ரெண்டு கம்மின்னா பாத்துப் போட்டுடலாம்மா. ஆறு மார்க்கை எப்படிப் போடறது? அதுவும் நீங்க அங்க போய்க் கத்திட்டு வந்தீங்களாம், எனக்குப் போன் வந்துச்சு” என்றார். வார்டனிடம் போனேன். பெயிலான பிள்ளைக்கு மறு வருஷம் ஆஸ்டலில் இடம் கிடையாது, அது சட்டம் என்றார். எல்லாரிடமும் ஒரு சட்டம் இருந்தது. போகிற இடமெல்லாம் நான் சட்டத்தைத் திட்டிவிட்டு வந்தேன், எதுவும் அசையவில்லை.

மே மாதம் மலைக்கு ஏறும் பஸ்ஸில் போனேன். பஸ் நின்ற இடத்திலிருந்து அவர்கள் ஊர் ஒரு மணி நேர நடை. வீட்டு முன்னால் பலாமர நிழலில் அவளும் அவள் அப்பாவும் உட்கார்ந்து புளி தட்டிக்கொண்டிருந்தார்கள். அவர் ஓடிப்போய் ஒரு கோணியை எடுத்து வந்து விரித்து, “ஒக்காருங்க டீச்சர்” என்றார். பலாச்சுளையை இலையில் வைத்துக் கொடுத்தார். பெயில் என்ற செய்தி எனக்கு முன்னாலேயே மலையேறியிருந்தது.

“இன்னொரு வருஷம் படிக்கட்டுங்க” என்றேன்.

“எங்க தங்கிப் படிக்கும் டீச்சர்? ஆஸ்டல்ல இல்லன்ட்டாரு. இங்கருந்து தெனம் போய் வர முடியுமா? ஆலைக்கு வெட்டு ஆரம்பிச்சா நாங்க எறங்கணும், அதையும் இட்டுக்கினு போறேன்” என்றார். அவரிடம் கோபம் இல்லை. நான் கோபத்தைத்தான் எதிர்பார்த்துப் போயிருந்தேன், அது இருந்திருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம்.

அவள் தலை நிமிராமல் புளியைத் தட்டிக்கொண்டிருந்தாள். கதையைத் தப்பாகப் புரிந்துகொண்டோம் என்று நினைத்திருப்பாளோ என்று எனக்குப் பதைத்தது. “உன் படம் சரிதான்டி. கிளாஸ்லயே உனக்குத்தான் அந்தக் கதை புரிஞ்சுது” என்றேன்.

“தெரியும் டீச்சர்” என்றாள்.

“அப்புறம் ஏன்டி எழுதல?”

“நீங்க வந்து பாக்கலியே. வருவீங்கன்னு பாத்துக்கினே இருந்தேன்.”

அவ்வளவுதான், எனக்கு அணை உடைந்துவிட்டது. மரத்தை வெட்டிப் போட்டவர்களைத் திட்டினேன். லேட்டாக வந்த போலீஸைத் திட்டினேன். கம்முனு உட்காரச் சொன்ன தலைமையாசிரியரை, கோடு இழுத்த தமிழையாவை, ஆஸ்டலை மூடிய வார்டனை, ஒருத்தர் விடாமல் வரிசையாகத் திட்டினேன். “நான் வரக் கூடாதுன்னா நெனச்சேன்? காலையில ஏழரைக்கே கெளம்பிட்டேன்டி. நடு ரோட்ல நிறுத்திட்டானுங்க. பன்னண்டரை வரைக்கும் வெயில்ல நின்னு கத்தினேன். பஸ்ஸே போவலன்னா நான் இன்னா பண்றது?” என்று கேட்டேன்.

அவள் கையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

“நின்ன எடத்துலேர்ந்து ஸ்கூலு எத்தினி மைலு டீச்சர்?”

“ஆறு மைல் இருக்கும்.”

அவள் புளி தட்டும் கட்டையைக் கீழே வைத்தாள். பிறகு, “நாங்க மலையிலேர்ந்து பதிமூணு மைலு நடந்து வந்தோம் டீச்சர்” என்றாள். குத்திக் காட்டுகிற குரல் இல்லை. எனக்குத் தெரியாத ஒரு விஷயத்தைச் சொல்கிற குரல். “அப்பாதான் இட்டுக்கினு வந்தாரு. பத்து மணிக்கெல்லாம் பெஞ்சுல உக்காந்துட்டேன்.”

அவள் அப்பா, “டீச்சர் கிட்ட இன்னா பேச்சு இது, சும்மா இரு” என்று அதட்டினார். அவளை அதட்டாதீர்கள், அவள் சொன்னதுதான் சரி என்று அவரிடம் சொல்ல நினைத்தேன். ஊரெல்லாம் கத்திவிட்டு வந்த வாயில் அந்த ஒரு வாக்கியம் வரவில்லை. அவள் மறுபடியும் புளி தட்டத் தொடங்கினாள்.